மோந்து பார்க்கும் சாலை

எங்கள் சேலம் ஜில்லாவில்தான் மதுவிலக்கு முதலில் வந்தது. அதனால் நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்வேன். சாயங்காலமானால் கள்ளுக்கடைப் பக்கம் போன ஆண்கள் வீட்டுப் பக்கம் வந்தார்கள். அடி வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். இதை மறுத்தால் பாவம். ஆனால் கள்ளுக்கடைகளை மூடியபோது அங்கே இருந்த கூட்டத்தை யாரோ மொத்தமாக அள்ளிக் காக்கி உடுப்பு மாட்டிச் சாலையில் நிறுத்திவிட்டார்களோ என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம் இருந்தது. திருச்செங்கோட்டிலிருந்து ஆட்டையாம்பட்டிக்குப் போகும் சாலையில் புளியமரம் தவறினாலும் போலீஸ் தவறாது.

நிற்கிற வண்டியை மோந்து பார்ப்பார்கள். போகிற வண்டியை நிறுத்தி மோந்து பார்ப்பார்கள். செக்குக்காரர் கொண்டுபோகும் எண்ணெய்த் தகரம், மாட்டுக்கு வைத்த கழுநீர், மலைக்குப் போய் வருகிறவர்களின் பஞ்சாமிர்தம், எதையும் விட்டதில்லை. பாடையில் போகிறவனைக்கூட இறக்கி வாயை மோந்து பார்ப்பார்கள் என்று அப்பா சொல்வார். மிகையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சாராயம் காய்ச்சுகிறவன் சாலையில் வரமாட்டான். இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட இட்டேரி வழியாகப் போவான், கரட்டுக் குன்றைச் சுற்றிப் போவான். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். ஆனால் இட்டேரியில் முள் இருக்கிறது. சாலையில் நிழல் இருக்கிறது. ஆகவே சாலையில் வருகிற நாங்கள் சோதிக்கப்பட்டோம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். படித்ததனால் வந்த ஒரே பயன், எதைச் செய்தாலும் அது சரியா தப்பா என்று இரண்டு தடவை யோசிக்கும் பழக்கம். தலைப்பிரசவத்துக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் தாய்வீட்டுக்கு வந்தவள், பெண்குழந்தைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் ஆட்டையாம்பட்டிக்குத் திரும்பினேன். அழைத்துப் போக என் வீட்டுக்காரர் வந்திருந்தார். அவர் அங்கே போர்டு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு சம்பளத்தை நம்பித்தான் வீடு இருந்தது. சித்திரை மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் உரக்கத் தும்மக்கூட இல்லை. அந்த வேலைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு உபாத்தியாயரின் அண்ணன் சாராயத்தோடு பிடிபட்டான். அண்ணன் வெளியே வந்துவிட்டான். தம்பியின் வேலை போனது போனதுதான். "உபாத்தியாயர் வீட்டில் மதுவிலக்குக் கேஸ் இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன பாடம் சொல்வார்?" என்று மேலே கேட்டார்களாம்.

இத்தனை தெரிந்தும் நான் வண்டியில் ஒரு பானை பதநீர் ஏற்றினேன். ஏற்றியது அத்தைக்காக. என் மாமியாருக்கு வெயில் காலத்தில் சூட்டுக்கட்டி வரும். "அந்தப் பக்கத்துப் பதநீருன்னா தேனாட்ட இருக்கும். ஒரு பானை கொண்டாரச் சொல்லு. சுண்ணாம்பு வாடை மட்டும் ஆகாது, எனக்குக் கொமட்டும்" என்று மகனிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

பதநீர் இறக்குவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசி இறக்கினால் பதநீர், பூசாமல் இறக்கினால் கள். சுண்ணாம்பு இருக்கும்வரை அது புளிக்காது. சுண்ணாம்பு குறைந்தால் காலையில் பதநீராக இருப்பது உச்சிவெயிலில் வேறொன்றாகிவிடும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அத்தை சொல்லிவிட்டார். மருமகள் பல மாதம் கழித்து வீடு திரும்பும்போது முதல் காரியமே மாமியார் சொல்லைத் தட்டியதாக இருக்கலாமா? சுண்ணாம்பைக் குறைத்தே பூசச் சொன்னோம். விடியற்காலையில் கிளம்பினால் உச்சிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம், புளிக்க நேரமிருக்காது என்று கணக்குப் போட்டோம். மாடு நடக்கிற நேரத்தை மட்டும் கணக்குப் போட்டோம். போலீஸ் நிறுத்துகிற நேரத்தை விட்டுவிட்டோம்.

வண்டி ஓட்டி வந்தவர் அப்பாவுக்குத் தூரத்து உறவு. சொந்த வண்டி, சொந்த மாடு. நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

இட்டேரி தாண்டிச் சாலையில் ஏறியதுமே ஒரு போலீஸ்காரர் தடியை நீட்டினார்.

"எறங்குங்க எல்லாரும்."

என் வீட்டுக்காரர் சந்தோஷமாக இறங்கினார். சந்தோஷமாக என்றுதான் சொல்ல வேண்டும். சட்டத்தின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. போலீஸ்காரர்களிடம் பேசும்போது அவருக்கு வாசகப் புத்தகத் தமிழ் வந்துவிடும்.

"தங்கள் கடமையைத் தாராளமாகச் செய்யுங்கள். நான் ஓர் உபாத்தியாயர். இந்தப் பணி எவ்வளவு உயர்ந்தது என்று எனக்குத் தெரியும்."

போலீஸ்காரர் அந்த உயர்ந்த பணியை வைக்கோலிலிருந்து தொடங்கினார். வைக்கோலைக் கிளறி மோந்தார். தகரப்பெட்டியைத் திறந்து மோந்தார். என் மடியிலிருந்த குழந்தையின் பக்கம் குனிந்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன புளிச்ச வாடை வருது?"

"பச்சக் கொழந்தைங்க. பால் கக்கினா மல்லிகைப் பூவாட்டமா மணக்கும்?" என்றார் வண்டிக்கார அண்ணன்.

பானை அகப்பட்டது. கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"பதநீருதான்னு நெனைக்கறன்" என்று சொல்லி இன்னொரு தடவை மொண்டார். "ஆமா, பதநீருதான்."

வண்டி கிளம்பியதும் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அம்மிணி, ஒரு கொட்டாங்குச்சிக்குச் சந்தேகம், ஒரு கொட்டாங்குச்சிக்குத் தீர்ப்பு. இப்படியே போனா உங்கத்தைக்குப் பானையத்தான் குடுக்கோணும்."

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. "சோதனை செய்வதனால்தானே நாட்டில் ஒழுக்கம் இருக்கிறது" என்றார். நான் இரண்டு பேர் சொல்வதும் சரி என்று நினைத்தேன். அது என் வழக்கம்.

அடுத்து ஓடைப் பாலத்தில் நிறுத்தினார்கள். அங்கே எங்களுக்கு முன்னால் பருத்திப் பொதி ஏற்றிய வண்டி ஒன்று நின்றது. பொதிக்குள் புட்டி இருக்கிறதா என்று ஒவ்வொரு பொதியாகக் குத்திப் பார்த்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த போலீஸ்காரர் பதநீரைக் குடித்துவிட்டு, பாலத்தடியில் உட்கார்ந்திருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். "நீயும் பாரப்பா. ரெண்டு பேரு பாத்தா நல்லது." அவரும் வந்து பார்த்தார். நல்லது என்றுதான் அவர் முகமும் சொன்னது.

"இன்னும் நிறைய இடத்தில் நிறுத்துவாங்களாங்க?" என்று நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"இரண்டு இடத்தில் பார்த்தாகிவிட்டது. இனி எதற்கு நிறுத்துவார்கள்? ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நம்பமாட்டாரா?"

நம்பவில்லை. மல்லசமுத்திரத்தில் அன்று சந்தை. சந்தைக்கு வந்த வண்டி, சந்தையிலிருந்து போகிற வண்டி என்று சாலை அடைத்துக் கிடந்தது. ஆட்டுக்காரர்களைக்கூட நிறுத்தியிருந்தார்கள். ஆட்டுக் கிடாயின் வாயை மோந்து பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கிடாய் மிகவும் வெட்கப்பட்டு நின்றது. வரிசை நகர்வதற்குள் குழந்தை மூன்று தடவை தூங்கி மூன்று தடவை எழுந்து அழுதது. நான் வண்டிக் கூண்டுக்குள் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது படுதா விலகியது. ஒரு மீசை உள்ளே வந்தது. என்னைப் பார்த்ததும் அந்த மீசைக்குக் கொஞ்சம் நாணம் வந்ததே தவிர, மூக்குக்கு வரவில்லை. அது தன் வேலையை முடித்துக்கொண்டுதான் வெளியே போனது.

அங்கே பதநீரை ருசி பார்த்தவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "கொஞ்சம் சுருக்குங்குது. பரவால்ல. சீக்கிரமாப் போயிச் சேருங்க" என்றார். எங்களை நிறுத்தி வைத்தவரே அதைச் சொன்னார்.

சூரியன் உச்சியைத் தாண்டியிருந்தது. வண்டி நகர்ந்ததும் பானையின் பக்கம் காதை வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ ரகசியம் பேசுகிற மாதிரி ஒரு சத்தம்.

"ஏனுங்க, இதைக் கொட்டிப் போடலாமுங்களா?"

"ஏன் கொட்ட வேண்டும்?"

"புளிக்கிற மாதிரி இருக்குதுங்க. இன்னொரு இடத்திலே நிறுத்தினா வம்பு. உங்க வேலை…"

"இந்தா பாரு, ஒளிக்கிறவன்தான் கொட்டுவான். நாம் என்ன ஒளித்தோம்? மூன்று இடத்தில் சர்க்கார் மனிதர்களே பதநீர் என்று சொல்லியிருக்கிறார்கள். தவிர, அம்மா ஆசையாகக் கேட்டது."

கடைசியாகச் சொன்ன காரணம் வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். கொட்டினால் அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். கொட்டாவிட்டால் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் எது பெரியது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த புளியமரம் வந்துவிட்டது.

அங்கே இருந்தவர் ஏட்டு. கூட இரண்டு பேர் மரத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏட்டுக்குச் சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம் என்று அவரே பிற்பாடு சொன்னார். பானையின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நுரை எழுந்து விளிம்பில் வழிந்தது.

"என்னாய்யா இது?"

"பதநீர்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பதநீர் நுரைக்குமா?"

"காலையில் இது சுத்தமான பதநீராக இருந்தது. தங்கள் இலாகாவைச் சேர்ந்தவர்களே மூன்று இடங்களில் பருகிப் பார்த்துச் சான்று கூறியிருக்கிறார்கள்."

"காலையில நானுந்தான் நல்லவனா இருந்தேன். இப்ப மணி என்னா ஆச்சு?" ஏட்டு விரலை நுரையில் தொட்டு நக்கினார். அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு அன்றைக்கு முதல் கேஸ் அது. "கள்ளுய்யா. அசல் கள்ளு. வாத்தியாரு வேற. பசங்களுக்குக் குடிக்காதேன்னு சொல்லித் தர வாயி!"

"கள்ளாக்கினது ஆருங்க?" என்று வண்டிக்கார அண்ணன் கேட்டார். "எடத்துக்கு எடம் நிறுத்தி வெயில்ல காய வெச்சது நீங்க. நீங்க உட்டிருந்தா நாங்க பத்து மணிக்கே ஊடு போயிச் சேர்ந்திருப்போம்."

"சட்டத்துல அதெல்லாம் இல்ல. புடிக்கிறப்ப என்னாவா இருக்குதோ அதுதான் கணக்கு."

என் வீட்டுக்காரருக்கு அப்போதுதான் முகம் வெளுத்தது. வாசகப் புத்தகத் தமிழ் போய்விட்டது. "ஐயா, என் வேலை போயிருமுங்க. அடுத்த மாசம் நிரந்தரம் ஆகோணும். கைக்குழந்தை இருக்குதுங்க" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஏட்டு இளகியவர் போலத் தலையை ஆட்டினார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணலாம். வண்டிக்காரன் பேர்ல எழுதிக்கிறேன். பானை அவனுதுன்னு சொல்லிடுங்க. நீங்க கொழந்தையத் தூக்கிக்கிட்டு அப்படியே நடந்து போயிடுங்க. வண்டியும் மாடும் ஏலத்துக்குப் போவும். அது அவன் தலையெழுத்து."

என் வீட்டுக்காரர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சாலையில் கிடந்த ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாள் முழுவதும் பேசிக்கொண்டே வந்த அண்ணன் முறுக்கே விழாத மாட்டுக் கழுத்துக் கயிற்றைச் சரி செய்துகொண்டிருந்தார்.

அப்போது நான் யோசித்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். யோசிப்பதற்குள் குழந்தை என் காதோலையைப் பிடித்து இழுத்தது. அந்த வலியில் வாய் திறந்துகொண்டது.

"பானை என்னுதுங்க. எங்கப்பன் ஊட்டுலிருந்து நான்தான் கொண்டாந்தேன். எம்பேர்ல எழுதுங்க."

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "பொம்பள பேர்ல எழுதினா ஸ்டேஷன்ல எங்க ஒக்கார வெக்கிறது? இருக்கிறது ஒரு பெஞ்சு. கைக்கொழந்த வேற. அது அழுதா ஆரு தூக்கிக்கிறது, நானா?" என்றார். ஏதோ நான் அவர் வீட்டுக்கு விருந்துக்கு வருவதாகச் சொன்ன மாதிரி இருந்தது.

கடைசியில், எல்லாரும் ஸ்டேஷனுக்கு வருவது, யார் பேரில் எழுதுவது என்பதை அங்கே பெரியவர்கள் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று. ஸ்டேஷன் நாங்கள் போகிற வழியிலேயே இருந்தது. பானையை யார் சுமப்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. தூங்கி எழுந்த இரண்டு போலீஸ்காரர்களும் கள்ளுப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையில் போனால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்றார்கள். ஆகவே பானையோடு எங்கள் வண்டியிலேயே வருவது என்று ஏட்டு முடிவு செய்தார். போகிற வழியில் நாங்கள் கொட்டிவிடக் கூடாது அல்லவா? அதற்காகப் பானையின் வாயில் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து, வயல் மண்ணைக் குழைத்துச் சுற்றிலும் அடைத்து, மேலே துணி போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டினார். முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையும் வைத்தார். அவ்வளவு அக்கறையாக வேலை செய்கிற போலீஸ்காரரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பொங்குகிற பானையை இப்படி மூடக் கூடாது. கம்மங்கூழ் கரைத்து வைத்தால்கூட எங்கள் வீடுகளில் வாயை லேசாகத்தான் மூடுவோம். சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் சாட்சியைக் கலைக்கப் பார்த்தேன் என்பாரோ? சொல்லாவிட்டால் அது ஒரு ஏமாற்று ஆகுமோ?

"இத்தனை இறுக்கமா வேண்டாமுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"எனக்குச் சொல்லித் தரியா? நான் கட்டின முடிச்ச இதுவரைக்கும் எவனும் அவுத்ததில்ல."

என் கடமை தீர்ந்தது. நான் குழந்தையை எடுத்துக்கொண்டு வண்டியின் முன்பக்கமாக, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். ஏட்டு பின்பக்கம் உட்கார்ந்து, பானையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் வண்டியின் பின்னால் நடந்து வந்தார்.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு இடத்தில் தடி நீண்டது. ஏட்டைப் பார்த்ததும் சலாம் வைத்து விலகிக்கொண்டார்கள். "கேஸு" என்று ஏட்டு பானையைத் தட்டிக் காட்டினார். அன்று எங்களை நிறுத்தாமல் விட்ட ஒரே இடம் அதுதான். கள்ளோடு போகிறவர்களுக்கு மட்டும் சாலை எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் சாலை குண்டும் குழியும். ஒவ்வொரு குழியிலும் பானை குலுங்கியது. ஏட்டு தம் சொந்த ஊரைப் பற்றி, அங்கே தமக்கு இருக்கும் இரண்டு ஏக்கர் நிலத்தைப் பற்றி அண்ணனிடம் பேசிக்கொண்டு வந்தார். கேஸ் பிடித்த சந்தோஷத்தில் மனிதர் நன்றாகவே பேசினார். வண்டிச் சக்கரம் ஒரு பெரிய குழியில் இறங்கி ஏறியது. டப் என்று ஒரு சத்தம். வேட்டுப் போட்டார்கள் என்று நினைத்து மாடு மிரண்டது. நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

கொட்டாங்குச்சி கூண்டின் ஓலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மண் ஏட்டின் மீசையில் இருந்தது. மீதி எல்லாம் அவர் சட்டையில் இருந்தது. தலைப்பாகையிலிருந்து வெள்ளையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பானை பிளந்து இரண்டாகக் கிடந்தது. முடிச்சு மட்டும் அவிழவில்லை, அவர் சொன்னது மெய்தான்.

அண்ணன் மாட்டை அடக்கிவிட்டுத் திரும்பினார். "அட எஞ்சாமி! ஏட்டையா, சாட்சியெல்லாம் உங்க மேலயே இருக்குதுங்க. வேட்டியாட்டம் புழிஞ்சு வெச்சுக்குங்க."

ஏட்டு இரண்டு கையாலும் துடைத்தார். துடைக்கத் துடைக்க வாடை கூடியது. வைக்கோலில் ஊறி, வெயிலில் சூடேறி, பழைய கள்ளுக்கடை ஒன்று சக்கரம் கட்டிக்கொண்டு போகிற மாதிரி எங்கள் வண்டி போனது. திரும்பிப் போகலாமா, ஸ்டேஷனுக்கே போகலாமா என்று ஏட்டு யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அவருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. ஆட்டையாம்பட்டி எல்லையில் சாலை நடுவில் ஒரு மோட்டார் கார் நின்றது. மதுவிலக்கைப் பார்வையிடவென்றே வந்த பெரிய அதிகாரி ஒருவர் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இளவயது. கையில் மடித்த கைக்குட்டை. அவரே கையை நீட்டி வண்டியை நிறுத்தினார்.

வண்டி நின்றதுதான் தாமதம், கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது.

"யார் குடித்திருப்பது?"

ஏட்டு குதித்து இறங்கி விறைப்பாகச் சலாம் வைத்தார். சலாம் வைத்த முழங்கையிலிருந்தும் சொட்டியது.

அதிகாரி அவரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். "நன்றாக இருக்கிறது. இதற்காகத்தான் உங்களைச் சாலையில் நிறுத்தினோமா? எத்தனை மணியிலிருந்து குடிக்கிறீர்?"

"ஐயா, நான் குடிக்கலைங்க. இது வந்து…"

அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து முன்னால் வந்தார். நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொண்டையைக் கனைத்தார். அவர் உண்மையைத்தான் சொல்வார். முழுவதும் சொல்வார். கள் என்ற சொல் அதில் வரும். அது வந்த பிறகு ஏட்டின் வேலை பிழைக்கும், எங்கள் வேலை பிழைக்காது. புருஷன் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனால் குழந்தையைக் கொடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"ஏனுங்க, கொழந்தையப் புடிங்க" என்று அவர் கையில் திணித்தேன். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அவரால் பேச முடியாது. தலை தொங்கிவிடுமோ என்ற பயத்தில் மூச்சே விடமாட்டார்.

நான் வண்டியில் உட்கார்ந்தபடியே, அதிகாரியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "பதநீருங்க. எங்கத்தைக்குக் கொண்டு போனதுங்க. வெயிலுக்குப் பொங்கிப் பானை ஒடைஞ்சு ஏட்டையா மேல ஊத்திருச்சுங்க."

"பதநீரா? இந்த வாடையா?" அதிகாரி ஏட்டின் பக்கம் திரும்பினார். "நீரே சொல்லும். கள்ளா, பதநீரா? கள் என்றால், கள்ளில் குளித்த ஏட்டை நான் இன்று வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்."

ஏட்டு என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதநீருங்க ஐயா" என்றார் ஏட்டு. "சத்தியமா பதநீர். எம்புள்ளைங்க மேல ஆணையா பதநீர். நானே ருசி பாத்தேன்."

"பானையில் அரக்கு முத்திரை எதற்கு?"

"கைக்கொழந்தையோட போறாங்க. சிந்திடப் போவுதேன்னு ஒரு ஒத்தாசையா…"

அதிகாரி உடைந்த பானைத் துண்டை எடுத்து மோந்தார். அவர் பட்டணத்துக்காரராக இருக்க வேண்டும். பதநீர் எப்படி மணக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை. "படித்தவர் போல இருக்கிறீர்கள். இது சரிதானா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் அவர். சர்க்கார் மனிதர் ஒருவரிடம் அவர் ஒரே சொல்லில் பதில் சொன்னது அன்றைக்குத்தான். கேஸ் இல்லை. வண்டி போகலாம். அவர் இன்னும் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

ஏட்டை மட்டும் அதிகாரி விடவில்லை. ஊர்க்காரர்களுக்குப் பானை கட்டிக் கொடுப்பது போலீசின் வேலை அல்ல என்று திட்டி, உடனே தம் இடத்துக்கு நடந்தே திரும்பச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். புழுதி அடங்கியது. நாங்களும் கிளம்பினோம். ஒரு வளைவு திரும்பியதும் பின்னாலிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. ஏட்டுதான். அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

ஏட்டுக்கு மூச்சு வாங்கியது. அதுவரை இருந்த அதிகாரக் குரல் இல்லை. "அம்மா, ஒரு சட்ட இருந்தாக் குடுங்க. போற வழியில நம்ம பசங்க நிக்கிறாங்க. புதுப் பசங்க. வாடை வந்தா என்னையே எழுதிடுவானுங்க. கார்ல வந்த பெரியவரு இன்னிக்கு ஊர்ல இருக்கிறாரு, எனக்கு ஒருத்தனும் பயப்பட மாட்டான்."

என் வீட்டுக்காரருக்கு இருந்தவை இரண்டு நல்ல சட்டைகள். ஒன்று அவர் மேல் இருந்தது. கொடுக்கலாமா என்று அவரைப் பார்த்தேன். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்காரன் தலையெழுத்து என்று சொன்ன மனிதருக்கு எதற்குச் சட்டை? அப்படியும் நினைத்தேன். பிறகு தகரப்பெட்டியைத் திறந்து மற்றதை எடுத்துக் கொடுத்தேன்.

ஏட்டு மாட்டுக்கு மறைவில் நின்று மாற்றிக்கொண்டார். காக்கிச் சட்டையையும் தலைப்பாகையையும் சுருட்டி வேலிக்குள் செருகினார். சட்டை அவருக்குத் தோளில் பிடித்தது. கையை அகட்டிக்கொண்டு வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்களே மோந்து பாருங்கம்மா. இன்னும் வருதா?"

கூண்டிலிருந்து கொஞ்சம் குனிந்து மோந்து பார்த்தேன். மீசையிலிருந்து வீசியது.

"ஒண்ணும் வரலீங்க" என்றேன்.